ஒரே நெல்லுக்கு மூன்று கணக்கு: எல்லாவற்றையும் ஒரே டேட்டாபேஸில் கொண்டுவர முடியுமா?

மன்னார்குடி அரிசி ஆலை:
எடைமேடைக்கு ஒரு சாஃப்ட்வேர், இருப்புக்கு எக்செல், கணக்குக்கு டேலி. எடைச்சீட்டைப் பார்த்துப் பையன் எக்செல்லில் அடிக்கிறான், அதையே கணக்குப்பிள்ளை மறுபடி டேலியில் அடிக்கிறார். சம்பா வரத்து ஆரம்பித்தால் மூன்றும் ஒத்துப்போவதே இல்லை. என்ன வழி?

தஞ்சாவூர்க்காரன்:
கொள்முதல், இருப்பு, கணக்கு மூன்றையும் ஒன்றாக நடத்தும் சாஃப்ட்வேர்கள் ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட்; இரண்டையும் பாருங்கள் சார். ஓடூவுக்கு அடியில் இருக்கும் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், மற்றதில் பெரும்பாலும் மரியாடிபி. சரியாக அமைத்தால், கொள்முதலில் ஏற்றிய மூட்டை இருப்பிலும் கணக்கிலும் தானாக ஏறும். ஆனால் முதலில் பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். 'பிபிடி', 'பி.பி.டி 5204', 'ஆந்திரா பொன்னி' என்று ஒரே நெல் மூன்று பெயரில் கிடந்தால் எந்த சாஃப்ட்வேரும் கூட்டித் தராது. அரவையில் அரிசியோடு குருணை, தவிடு, உமியும் வருமே, அவற்றை உபபொருளாகப் பதியுங்கள்.

கும்பகோணம் டெவலப்பர்:
எடைமேடையை நேராக டேட்டாபேஸ் டேபிளில் எழுத விடாதீர்கள், ஏபிஐ (வேறு சாஃப்ட்வேர் தரவு அனுப்ப இந்த சாஃப்ட்வேரே தரும் வழி) மூலமாகவே விடுங்கள். இல்லாவிட்டால் எடை ஏறும், கணக்குப் பதிவு ஏறாது.

மன்னார்குடி அரிசி ஆலை:
சரி சார். நெல்லின் ஈரத்துக்காக எடையில் கழிக்கும் ஈரப்பதக் கழிவை எப்படிப் பதிவது?

தஞ்சாவூர்க்காரன்:
எடைச்சீட்டு எடையை மாற்றாதீர்கள். கழிவுக்குத் தனி ஃபீல்டு. விவசாயி கேட்டால் இரண்டையும் காட்டலாம்.