“போய்” சுழற்றும்போது பந்து எங்கே இருக்க வேண்டும்: என் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

வெலிங்டனில் இருக்கிறேன். “போய்” என்பது கயிற்றின் முனையில் கட்டிய பந்தைச் சுழற்றுகிற, இங்குள்ள மாவோரி மக்களின் கலை, அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் பந்து என்றுதான் பொருள். கபா ஹாக்கா என்ற அவர்களின் ஆடல்பாடல் மேடையில் பெண்கள் பாடிக்கொண்டே அதைச் சுழற்றிக் கையில் தட்டுகிற ஓசையைக் கேட்டுத்தான் எனக்கு ஆசையே வந்தது. ஆனால் நான் கற்றது கடற்கரையில் விளக்குப் பந்து சுற்றுகிறவர்களிடம். அது பிறகு கிளைத்த வேறு வழி.

பந்து போகும் பாதை நாலு இதழாக விரிகிற நாலிதழ்ப் பூவோடு ஆறு வாரம் மல்லுக்கட்டினேன். கை ஒரு பக்கம் வட்டம் போட, பந்து எதிர்ப்பக்கம் சுழல வேண்டும், ஆன்டிஸ்பின் என்பார்கள். எனக்குக் கயிறு முழங்கையில் சுற்றிக்கொள்ளும், இல்லையென்றால் பந்து காதோரம் வந்து அடிக்கும். ஒருநாள் கூடப் பழகும் தோழி கேட்டாள்: “கை 3 மணியில் இருக்கும்போது பந்து எங்கே இருக்கணும்?” பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தனை நாளும் வேகத்தை நம்பிச் சுற்றியிருக்கிறேன்.

அன்று மாலையே கராஜ் சுவரில் சாக்பீஸால் பெரிய கடிகாரம் வரைந்தேன். கை 12, 3, 6, 9 வரும்போதெல்லாம் பந்து வெளியே நீண்டிருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே வரும்போது பந்து மையத்தைப் பார்க்க வேண்டும். அதாவது கை அரைக்கால் சுற்று நகர்வதற்குள் பந்து எதிர்ப்பக்கமாகக் காலே அரைக்கால் சுற்று போயிருக்க வேண்டும். கை ஒரு முழு வட்டம் முடிக்கும்போது பந்து மூன்று சுற்று. முதலில் சுற்றவே இல்லை, ஒவ்வொரு இடத்திலும் கையை நிறுத்திப் பந்தை இன்னொரு கையால் பிடித்து வைத்துப் பார்த்தேன், அப்புறம்தான் மெதுவாகச் சுற்றினேன். நாலாவது நாள் பூ வந்துவிட்டது!

ஆனாலும் இருட்டில் போனைத் திறந்து வைத்து நீண்ட நேர வெளிச்சப் படம் எடுத்தால் மேல் இதழ் நன்றாக விரிந்திருக்கிறது, 6 மணி இதழ் சப்பையாக இருக்கிறது. கீழே வரும்போது முழங்கையை மடக்கிவிடுகிறேன், கை வட்டமே அங்கே முட்டை வடிவமாகிறது. பந்தின் மேல் குற்றமில்லை. இதைப் படம் காட்டாமல் நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

மறுமொழி 1

அக்கா, எனக்கும் இதே கதைதான், ஆனால் ஐசோலேஷன் என்ற சுற்றில். கையும் பந்தும் எதிரெதிராக நின்று ஒரே வட்டத்தில் ஒன்றையொன்று துரத்துவது போலத் தெரிய வேண்டும், எனக்கோ பந்து எப்போதும் பெரிதாகச் சுற்றியது. கயிற்று நீளத்தில் பாதிதான் கை வட்டத்தின் ஆரமாக இருக்க வேண்டும் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. என் கயிறு 60 செ.மீ., அப்படியென்றால் கை 30 செ.மீ. ஆர வட்டம் போட வேண்டும். நான் போட்டதோ மணிக்கட்டை மட்டும் ஆட்டி ஒரு சாஸர் அளவு! தோளிலிருந்து கையை அசைக்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது.

இரண்டு கையும் சேரும்போது குழப்பம் வருகிறவர்கள் நோயல் யீ என்ற போய்க் கலைஞரின் வல்கன் டெக் காஸ்பல் என்ற வகைப்படுத்தும் முறையைப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்திலா, மாறி மாறியா. ஒரே திசையிலா, எதிர்த் திசையிலா என்று நாலு சேர்க்கை. கைகளுக்கு நாலு, பந்துகளுக்கு நாலு, ஆக 16. தடுமாறும்போது நான் இந்தப் பதினாறில் எதில் நிற்கிறேன் என்று கேட்டுக்கொள்வேன். பாதி நேரம் கைகள் மாறி மாறி வர வேண்டிய இடத்தில் சேர்ந்தே வந்துகொண்டிருக்கும்.

மறுமொழி 2

சின்ன வயதில் சிலம்பம் சுற்றியவன் நான், அதனால் போய் சுலபம் என்று நினைத்து இறங்கினேன். கம்பைத் தள்ளலாம், கயிற்றை இழுக்க மட்டும்தான் முடியும். இழுவை தளர்ந்த கணமே பந்து வழி மாறிவிடுகிறது. எனக்குக் கைகொடுத்தது சுவர்தான். சுவரைப் பார்த்து ஒரு சாண் இடைவெளி விட்டுச் சுற்றுவேன், பந்து முன்னால் சாய்ந்தால் டொக்கென்று சுவரில் படும். பந்து சுற்றும் தளம் இப்படிக் கோணினால் எத்தனை இதழ் போட்டும் பூ தெரியாது, எதிரே நிற்பவருக்கு நெளிந்த கோடுதான் தெரியும். காற்று இல்லாத இடமாகப் பாருங்கள் அக்கா, உங்கள் ஊரில் அது கஷ்டம்தான்.

மூன்றிதழுக்கு 12, 4, 8 என்று உங்கள் கடிகாரத்தை வைத்தே பழகிவிட்டேன், பந்து எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று. இப்போது ஐந்திதழில் நிற்கிறேன். 72 பாகைக்கு ஒரு இதழ், கடிகார எண் எதிலும் சரியாக உட்காரவில்லை, 12 மணிக்கு அடுத்தது 2 மணி 24 நிமிடத்தில் வருகிறது. சுவரில் ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்திருக்கிறேன். யாராவது இதைத் தாண்டியிருந்தால் கை எங்கே திணறியது என்று எழுதுங்கள், எனக்கு மூன்றாவது முனையில் போகிறது.