மலைச்சாலையில் வண்டியைத் திருப்பித் திருப்பிச் சோதிக்கும் அண்ணன்: இது எண்ணச் சுழற்சி நோயா, சிகிச்சை உண்டா?

கேள்வி: கோத்தகிரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிப் பகுதியில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் அண்ணன் பல ஆண்டுகளாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலையை ஏற்றி ஃபாக்டரியில் சேர்ப்பதும், சில நாட்களில் காய்கறி மூட்டைகளுடன் மேட்டுப்பாளையம் இறங்குவதும் அவருடைய வேலை. அவர் ஓட்டிய வண்டியால் இன்றுவரை யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை.

கடந்த ஆண்டு மழைக்காலத்திலிருந்து அவரிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. சக்கரம் ஒரு குழியிலோ கல்லிலோ ஏறி இறங்கினால், யார் மீதோ வண்டியை ஏற்றிவிட்டோம் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடுகிறது. வண்டியைத் திருப்ப இடம் கிடைக்கும் வரை சென்று, திரும்பி வந்து சாலையைப் பார்க்கிறார். யாரும் இருப்பதில்லை. அடிபட்டவர் சரிவில் உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் விழுந்திருப்பாரோ என்று இறங்கிப் பார்க்கிறார். அங்கும் யாரும் இருப்பதில்லை. புறப்பட்ட சிறிது நேரத்தில், சரியாகப் பார்த்தோமா என்ற ஐயம் எழ, மீண்டும் திரும்புகிறார். மூடுபனி இறங்கிய நாட்களில் குஞ்சப்பனையைக் கடந்து அவர் எப்போது வீடு வந்து சேர்வார் என்று எங்களால் கணிக்க முடிவதில்லை. இலை மூட்டைக்குள் நெடுநேரம் கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால், ஃபாக்டரியிலும் பேச்சு எழத் தொடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் அமைதி இல்லை. மறுநாள் செய்தித்தாளில் விபத்துச் செய்திகளைத் தேடுகிறார். அந்த வழியாக வந்த மற்ற ஓட்டுநர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, வழியில் ஏதாவது கூட்டம் நின்றதா என்று விசாரிக்கிறார். “நான் யாரையும் இடித்திருக்க மாட்டேன்தானே?” என்று அண்ணியிடமும் என்னிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். “இல்லை அண்ணா, எதுவும் நடக்கவில்லை” என்று சொன்னால் முகம் சற்றுத் தெளிகிறது. சாப்பிட்டு முடிப்பதற்குள் மீண்டும் அதே கேள்வி. இது அர்த்தமற்றது என்று அவரே சொல்கிறார், சொல்லிவிட்டு அழுகிறார். உறவினர்கள் பயம் தெளிய மந்திரிக்கச் சொல்கிறார்கள். அருகில் ஒரு மருத்துவர் தூக்கத்திற்கு மாத்திரை கொடுத்தார். அதனால் பகலிலும் மயக்கமாக இருந்ததே தவிர, எண்ணம் போகவில்லை.

இது எண்ணச் சுழற்சி நோயாக, அதாவது எல்லோரும் ஓசிடி என்று சொல்வதாக இருக்கலாம் என்று படித்தேன். ஆனால் அந்த நோய் உள்ளவர்கள் கை கழுவிக்கொண்டே இருப்பார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இதற்குச் சிகிச்சை உண்டா? அவர் கேட்கும்போது நாங்கள் பதில் சொல்வது சரியா?

பதில் 1: குன்னூர்த் தாய்

சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் இதே நோய்தான் இருந்தது, ஆனால் கை கழுவியதும் இல்லை, பூட்டை இழுத்துப் பார்த்ததும் இல்லை. முதல் குழந்தை பிறந்த சில வாரங்களில், என் கையாலேயே குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வரத் தொடங்கியது. கத்தியையும் அரிவாள்மனையையும் கண்ணில் படாமல் பரணில் வைத்தேன். மாமியார் உடன் இல்லாமல் குழந்தையைக் குளிப்பாட்ட மறுத்தேன். இப்படி ஓர் எண்ணம் வருகிறதென்றால் நான் எப்படிப்பட்டவள் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் நாட்களைக் கடத்தினேன்.

கோயம்புத்தூரில் நான் பார்த்த மனநல மருத்துவர், அந்த எண்ணத்தைக் கேட்டு அதிர்ச்சி அடையவில்லை. அது எனக்குப் பிடிக்கிறதா அல்லது நடுங்க வைக்கிறதா என்றும், அதைத் தடுக்க நான் என்னவெல்லாம் செய்கிறேன் என்றும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பிரசவத்திற்குப் பின் இந்நோய் தொடங்குவதும் தீவிரமாவதும் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டவை என்றும், ஒருவர் எதை மிகவும் நேசிக்கிறாரோ அதையே இந்நோய் பற்றிக்கொள்ளும் என்றும் விளக்கினார். உங்கள் அண்ணன் யாருக்கும் தீங்கு நினைக்காத ஓட்டுநர் என்பதால்தான் அவருக்கு இந்த வடிவில் வந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எனக்குச் செர்ட்ரலின் என்ற மருந்தும் உளவியல் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சிகிச்சையின் ஒரு கட்டத்தில் குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு காய் நறுக்கினேன். தொடக்கத்தில் கை நடுங்கியது, நாளடைவில் நடுக்கம் நின்றது. இன்றும் எப்போதாவது அந்த எண்ணம் எட்டிப் பார்க்கும், நான் என் வேலையைத் தொடர்வேன். அண்ணனிடம் “அதையே நினைக்காதே” என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். நினைக்காமல் இருக்க முயலும்போதுதான் அது இன்னும் வலுவாக வருகிறது, அந்தச் சொல்லைக் கேட்கும்போது நாம் முயலவில்லை என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது.

பதில் 2: உதகை உளவியலாளர்

நான் மருத்துவ உளவியலாளர். நேரில் பார்க்காமல் நோயை உறுதிப்படுத்த முடியாது, அதற்கு மனநல மருத்துவரின் பரிசோதனை அவசியம். எனினும் நீங்கள் எழுதியிருக்கும் முறை எங்களுக்கு மிகவும் பழக்கமானது. வண்டி ஓட்டுவோரிடம் ‘யாரையோ இடித்துவிட்டேன்’ என்ற வடிவில் எண்ணச் சுழற்சி நோய் வெளிப்படுவது அரிதன்று. உலக அளவில் நூற்றில் ஏறக்குறைய ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் எப்போதாவது இந்நோய்க்கு ஆளாகிறார்கள். அவர்களில் பலர், தம்மைப் போல் வேறு எவரும் இல்லை என்றெண்ணிப் பல ஆண்டுகளை வீணே இழக்கிறார்கள்.

வேண்டாத எண்ணம் வருவது நோய் அல்ல என்பதை முதலில் அண்ணனுக்குச் சொல்லுங்கள். ராக்மன், டி சில்வா ஆகிய இரு ஆய்வாளர்கள் 1978-இல் நோயற்றவர்களிடம் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கும் இத்தகைய எண்ணங்கள் வருவது தெரிந்தது. உள்ளடக்கத்தை வைத்து மட்டும் நோயாளியின் எண்ணத்தையும் மற்றவர் எண்ணத்தையும் பிரித்தறிவதும் எளிதாக இல்லை. வேறுபாடு, அந்த எண்ணத்திற்கு ஒருவர் கொடுக்கும் பொருளில் இருக்கிறது. தீங்கு நேரும் வாய்ப்பு இம்மியளவு இருந்தாலும் அதைத் தடுப்பது முழுக்க என் பொறுப்பு என்று கருதுபவருக்கு, சாதாரண ஐயம்கூட உடனே தீர்த்தாக வேண்டிய கட்டளையாகிவிடுகிறது. பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற பிரிட்டன் உளவியலாளர் 1985-இல் இந்தப் பொறுப்புணர்வின் மிகுதியையே நோயின் மையமாக விளக்கினார்.

அடுத்ததுதான் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது. அண்ணன் திரும்பிச் சென்று பார்ப்பது ஐயத்தைத் தீர்ப்பதற்காக. ஆனால் அந்தச் செயலே ஐயத்தை வளர்க்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் ஹவுட், கிண்ட் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நோயற்றவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்ப அணைத்துச் சோதிக்கச் செய்தார்கள். சோதித்தவர்களின் நினைவு பிழையாகிவிடவில்லை, ஆனால் அதன் தெளிவும், அதன் மீது அவர்களுக்கிருந்த நம்பிக்கையும் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஒரே வளைவைப் பலமுறை பார்த்தவருக்கு, கடைசியாகப் பார்த்தது எந்த முறை, அப்போது கண்டது என்ன என்பவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஆகவே, இன்னும் ஒரு முறை பார்த்தால் நிம்மதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஒருபோதும் நிறைவேறப் போவதில்லை. செய்தித்தாளில் தேடுவதும், மற்ற ஓட்டுநர்களை அழைப்பதும், உங்களிடம் கேட்பதும் இதே சோதனையின் வேறு வடிவங்களே.

சிகிச்சை நிச்சயமாக உண்டு. தீராத நோய் என்று நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த இதற்கு, 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் ஒரு புதிய வழியைக் காட்டினார். நோயாளி தாம் அஞ்சும் சூழலுக்குள் படிப்படியாகச் செல்ல வேண்டும், அச்சத்தைத் தணிக்கச் செய்யும் கட்டாயச் செயலை மட்டும் செய்யாமல் இருக்க வேண்டும். இன்று ஈஆர்பி (எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன்) என்று அழைக்கப்படும் இந்த முறையே உளவியல் சிகிச்சைகளில் வலுவான சான்று உடையது. உங்கள் அண்ணனுக்கு அது ஏறக்குறைய இவ்வாறு அமையலாம்: முதலில் சமதளமான, ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் வேகத்தடை மீது ஏறி இறங்கித் திரும்பாமல் செல்வது; பின்னர் கடைவீதி; பின்னர் மாலை வெளிச்சம்; பின்னர் மழை. ஒவ்வொரு படியும் அவருடைய சம்மதத்துடன், பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டலில் நடக்கும். பதற்றம் ஏறும், திரும்பிப் பார்க்காமலேயே அதைத் தாங்க முடிகிறது என்பதையும், அஞ்சியது நடக்கவில்லை என்பதையும் அவரே அனுபவத்தில் கற்றுக்கொள்வார். வழக்கமாகப் பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வுகள் வரை தேவைப்படும். இதை நம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது போல் திடீரென்று தள்ளிவிட்டு நடத்தக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

மருந்துகளைப் பொறுத்தவரை, ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸமின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற, மூளையின் செரடோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த மருந்துகளே முதலில் தரப்படுகின்றன. பழைய மருந்தாகிய க்ளோமிப்ரமின் பயனுடையதெனினும் பக்கவிளைவு மிகுதி. மனச்சோர்வுக்குத் தருவதைவிட உயர்ந்த அளவு இந்நோய்க்குத் தேவைப்படுவதும், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆவதும் இயல்பு. இரண்டு வாரத்தில் பலன் இல்லையென்று நிறுத்திவிட்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். குணம் தெரிந்த பின்னும் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து, மருத்துவர் மேற்பார்வையில் மெல்லக் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரை இந்நோயைத் தீர்க்காது. எந்த மருந்தானாலும் தொடங்கும்போது, தாம் மலைச்சாலையில் சரக்கு வண்டி ஓட்டுபவர் என்பதை அண்ணன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மயக்கம் தருகிறதா என்று தெரியும் வரை ஓய்வு எடுக்க நேரலாம்.

இனி, நீங்கள் பதில் சொல்லலாமா என்ற கேள்வி. அன்புள்ள எந்தக் குடும்பமும் நீங்கள் செய்ததைத்தான் செய்யும். ஆனால் உறுதிமொழி கொடுப்பது நோயின் சுழற்சியில் ஒரு கண்ணியாகிவிடுகிறது, குடும்பம் இவ்வாறு பங்கேற்கும் அளவு கூடும்போது சிகிச்சையின் பலன் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக இன்றிரவே வாயை மூடிக்கொள்ளாதீர்கள். முன்னறிவிப்பின்றி நிறுத்தினால் அது அவருக்குத் தண்டனையாகவே தோன்றும். அவரோடு அமர்ந்து பேசி, அவரே ஒப்புக்கொண்ட பிறகு, “அண்ணா, இது அந்த நோய் கேட்கும் கேள்வி என்று நினைக்கிறேன்; இதற்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று நாம் பேசி வைத்திருக்கிறோம், நான் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறேன்” என்று சொல்லலாம். நாளாக ஆக இந்த வாக்கியத்தையும் சுருக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதுவே புதிய உறுதிமொழியாகிவிடும்.

பதில் 3: சுகாதாரத் துறை ஓய்வு ஊழியர்

எங்கே செல்வது என்பதை மட்டும் சொல்கிறேன். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கு மனநலப் பிரிவின் புறநோயாளிகள் நேரத்தைக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். கீழே இறங்க முடிந்தால் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் இந்நோய்க்கெனவே தனி கிளினிக் நடக்கிறது. உள்ளூர்ச் சிகிச்சையில் போதிய முன்னேற்றம் இல்லாதபோது அங்கு செல்லலாம். ஈஆர்பியில் பயிற்சி பெற்றவர்கள் மலைமேல் குறைவு என்பது உண்மை, ஆனால் வாராந்திர அமர்வுகளைக் காணொலி வழியாகவும் நடத்துகிறார்கள். உடனே யாரிடமாவது தமிழில் பேச வேண்டுமென்றால், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

வெளியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் ஓட்டுநர்களிடம் மிகுதி. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. மந்திரிப்பதைப் பொறுத்தவரை, அது பெரியவர்களின் மன நிறைவுக்காக நடக்கட்டும். மருத்துவமனைக்குச் செல்லும் நாள் மட்டும் அதனால் தள்ளிப்போகக் கூடாது.

கோத்தகிரி ஆசிரியை

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அண்ணனிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். குன்னூர்த் தாய் எழுதியதைக் கேட்டபோது, மீண்டும் படிக்கச் சொன்னார். சிகிச்சைக்கு வர ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: “திரும்பிப் பார்க்காமல் போ என்கிறார்கள். ஒரு நாள் உண்மையிலேயே இடித்துவிட்டு நான் போய்விட்டால்? அது பாவமும் குற்றமும் ஆகாதா?” எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உதகை உளவியலாளர்

அண்ணன் கேட்டது மிக நேர்மையான கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 134-ஆம் பிரிவின்படி, விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க இயன்றதைச் செய்ய வேண்டும். சிகிச்சை இந்தக் கடமையை ஒருபோதும் தளர்த்தாது. மனிதரைக் கண்டால், அலறலைக் கேட்டால், மோதலை உணர்ந்தால் எல்லா ஓட்டுநரையும் போல அவரும் நிறுத்துவார். பார்த்ததும் கேட்டதும் எதுவுமின்றி, ‘ஒருவேளை’ என்ற எண்ணம் மட்டும் எழும்போது திரும்பாமல் இருப்பதே பயிற்சி. இரண்டையும் பிரித்தறிய எளிய அளவுகோல் ஒன்றைச் சிகிச்சையில் பயன்படுத்துகிறோம்: அனுபவமுள்ள வேறோர் ஓட்டுநர் இதே இருக்கையில் இருந்திருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பாரா? நிறுத்தியிருக்க மாட்டார் என்றால் அண்ணனும் செல்லலாம். குறுகிய வளைவுகளில் மூடுபனிக்குள் சரக்கு வண்டியைத் திரும்பத் திரும்பத் திருப்புவதும், முன்னே செல்லும் சாலையை விட்டுக் கண்ணாடியிலேயே பார்வையைப் பதிப்பதும் மற்றவர்களுக்கு உண்மையான ஆபத்தை உண்டாக்குகின்றன என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கட்டும்.

நூறு விழுக்காடு உறுதியை எங்களாலும் தர முடியாது. எந்த ஓட்டுநருக்கும் அது கிடைப்பதில்லை. அது இல்லாமலேதான் எல்லோரும் வண்டி ஓட்டுகிறார்கள். இதே கேள்வியை அவர் முதல் சந்திப்பிலேயே சிகிச்சையாளரிடம் கேட்கட்டும், ஆனால் அதற்கு முன் உங்களிடம் மறுபடி கேட்டால், நான் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டாம். அண்ணியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரையின் அட்டையையும், ஒரு வாரத்தில் எங்கெங்கே, எதனால் திரும்பினார் என்று அண்ணனே சுருக்கமாக எழுதிய தாளையும் எடுத்துச் சென்றால், எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்பதை அன்றே பேசி முடிவு செய்ய உதவும்.