அந்த 12 குழந்தைகளை எத்தனை காலம்தான் காட்டுவீர்கள்?

நேர்கோடு: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் என்ற மூளை வளர்ச்சிக் குறைபாடு வரும் என்பது 1998-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது என்று செங்கதிர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொல்லும் ஆய்வு, பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு 12 பேரும் வெறும் 12 குழந்தைகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை. 2004-இல் அவர்களில் 10 பேர், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அதன் விளக்கத்தைக் கைவிட்டார்கள்; 2010-இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

செங்கதிர்: 12 குழந்தைகள் என்றால் குழந்தைகள் இல்லையா? எந்தப் புதிய கோளாறும் முதலில் ஒரு சிலரிடம்தான் தென்படும்.

நேர்கோடு: அந்த ஒரு சிலர் எப்படி வந்தார்கள் என்பதுதான் கேள்வி. அடுத்தடுத்து இயல்பாக வந்த நோயாளிகள் என்று கட்டுரை சொன்னது பொய் என விசாரணையில் தெரிந்தது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் வழியாக வேக்ஃபீல்டு பணம் பெற்றதும் வெளிவந்தது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படியொரு தொடர்பே தென்படவில்லை. 12 எங்கே, ஆறரை லட்சம் எங்கே?

மூன்றாம்கரை: ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் கொதிக்கும் பிள்ளையின் நெற்றியை விடியும்வரை தொட்டுத் தொட்டுப் பார்க்கும் தாயிடம் ஆறரை லட்சத்தை நீட்டி என்ன பயன்? உங்கள் தொனியே பாதிப் பேரை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது.

நேர்கோடு: அந்தக் காய்ச்சல் வரக்கூடும் என்பதை மருத்துவர்கள் யாரும் மறைக்கவில்லை, ஐயா. முன்பு நடந்த உப்பு பற்றிய விவாதத்திலும் நீங்கள் தொனியை மட்டும்தான் அளந்துகொண்டிருந்தீர்கள்.

மூன்றாம்கரை: அதில் நீங்கள் பதில் சொல்லாமல் நழுவியதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

செங்கதிர்: நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை. தொடர்பை நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. பிறகு எதற்காக வேக்ஃபீல்டு மருத்துவராகத் தொழில் செய்வதற்கான பதிவைப் பறித்தார்கள்?

நேர்கோடு: அப்படியானால், ஆய்வில் தெரிந்துவிட்டது என்று நேற்று முழங்கிய மகானுபாவர் யார்? பதிவு பறிபோனதற்குக் காரணம் கருத்து அன்று. உரிய நெறிக்குழு அனுமதியின்றி, முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீரெடுப்பது உள்ளிட்ட தேவையற்ற சோதனைகளைக் குழந்தைகள்மீது நடத்தியதும், பணம் பெற்றதை மறைத்ததும் காரணங்களில் சில.

செங்கதிர்: சுற்றி வளைக்க வேண்டாம். அந்த 12 குழந்தைகளுக்கும் உடம்புக்கு முடியாமல் இருந்ததா, இல்லையா?