கேனுலா வீக்கம் குறைக்கும் ப்ராஜெக்ட்: கிளாஸ் எடுத்தால் போதுமா?

கேள்வி (நர்சிங் நாலாம் வருஷம், தண்டையார்பேட்டை):
ராயபுரம் பக்கம் மெடிக்கல் வார்டில் ஆறு வாரம் போஸ்டிங். கேனுலா (மருந்து ஏத்த ரத்தநாளத்தில் செருகும் சின்னக் குழாய்) போட்ட கை சிவந்து வீங்குவதைக் குறைப்பதுதான் ப்ராஜெக்ட். ஸ்டாஃபுக்கு ஒரு கிளாஸ், முன்னும் பின்னும் கேள்வித்தாள். இது போதுமா அக்கா?

பதில் 1:
போதாதும்மா. கேள்வித்தாளில் மார்க் ஏறும், நோயாளி கை அப்படியேதான் இருக்கும். முதல் ரெண்டு வாரம் எதையும் மாத்தாம கணக்கு மட்டும் எடுங்க. ஷிஃப்டுக்கு ஒருதரம் ஒவ்வொரு கேனுலாவுக்கும் விஐபி ஸ்கோர் (அந்த இடத்து ரத்தநாள அழற்சியைப் பார்த்துப் போடும் மார்க்), 0 முதல் 5 வரை. வலி, சிவப்பு, வீக்கம் மூணுல ரெண்டு இருந்தா ஸ்கோர் 2. அந்தக் கேனுலாவை எடுத்துட்டு வேற இடத்துல போடணும். 2-ம் அதுக்கு மேலயும் வந்த கேனுலாக்களை மொத்த எண்ணிக்கையால வகுத்து 100-ஆல பெருக்குங்க. பிளாஸ்டர் மறைச்சு இடமே தெரியலைன்னா 'பார்க்கல'ன்னு எழுதுங்க, 0 போடாதீங்க. கணக்கு கெடுறதே இங்கதான்.

பதில் 2:
மேல சொன்னது சரி. அப்புறம் மாற்றத்தை ஒண்ணொண்ணா கொண்டு வாங்க. நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வை பட்டு பிளாஸ்டர் உரியுது, குழாய் உள்ள ஆடி ரத்தநாளச் சுவரை உரசுது. மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் விட்டு முன்கையில போடுங்க. தோல்ல கிருமி கொல்ற 2% குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலை 30 செகண்ட் தேய்ச்சு, தானா காய விடணும். வாயால ஊதக் கூடாது. சாதாரண ட்ரிப்புக்கு நீலம் 22, பிங்க் 20 சைஸ் (நம்பர் கூடினா குழாய் மெல்லிசு) தாராளம். பச்சை 18 எல்லாருக்கும் எதுக்கு? பிளாஸ்டர் மேல தேதி, நேரம் எழுதுங்க.

பதில் 3:
கணக்குத் தாள்ல ஏத்தின மருந்துக்கும் ஒரு கட்டம் போடுங்க தங்கச்சி. பொட்டாசியம் குளோரைடு, வான்கோமைசின், அமியோடரோன் எல்லாம் மருந்தாலேயே ரத்தநாளத்தை எரிக்கும். மருந்தால வந்ததைப் பிரிக்காம விட்டா பழி ஊசி போட்ட சிஸ்டர் தலையில. எத்திக்ஸ் அனுமதியை இப்பவே கேளுங்க, கையெழுத்து வர லேட்டாகும்.