ரஸாவின் புள்ளியும் அம்மாவும்

2023-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பாரிஸின் போம்பிடு மையம் என்ற கலை அருங்காட்சியகத்தில் இந்திய ஓவியர் சையத் ஹைதர் ரஸாவின் ஓவியக் கண்காட்சி நடந்தது. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓவியத்தைவிட, கட்டடத்துக்கு வெளியே கண்ணாடிக் குழாய்க்குள் ஏறும் நகரும் படிக்கட்டுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

ரஸா என்றதும் நானும் பெரிய கறுப்பு வட்டத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் என் கால் நின்றது 1950-களின் படங்கள் முன்னால். பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் 1950-ல் இங்கே வந்தவர், முதலில் வரைந்தது பிரெஞ்சு ஊர்களை. தீப்பெட்டி அடுக்கினாற்போல் வீடுகள். தெருவில் ஓர் ஆள் இல்லை. நான் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஜன்னல் வழியே பார்த்த ஊர் அப்படித்தான் இருந்தது. அப்புறம் சாயம் தடிமனாகிறது, வீடுகள் கரைகின்றன. 1956-ல் பாரிஸ் விமர்சகர்களின் பரிசும் கிடைத்துவிட்டது.

அவர் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். 1947-ல் தாய் இறந்தார், அடுத்த ஆண்டு தந்தை. பிரிவினையில் உடன்பிறந்தவர்கள் பாகிஸ்தானுக்குப் போக, இவர் இந்தியாவிலேயே இருந்தார். அப்படி இருந்தவர்தான் கொஞ்ச நாளில் பாரிஸுக்குக் கப்பலேறினார்.

அந்தக் கறுப்பு வட்டம், அதாவது புள்ளி, வந்தது 1980-ஐ ஒட்டி. பாரிஸ் வந்து முப்பது வருடம் கழித்து. மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா பக்கம் காட்டோரப் பள்ளியில், மனம் அலைபாய்ந்த சிறுவனுக்கு ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்க்கச் சொன்னாராம். ரஸா பலமுறை சொன்ன கதை இது. என் கணக்கில் அந்த முதல் புள்ளிகளுக்கு இருந்த கனம் பிற்காலத்தில் இல்லை. ஒரே அச்சில் வார்த்தவை போல வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

அம்மா ஒரு வட்டத்தின் முன்னால் நின்றார். "என்னம்மா இது, புள்ளிய வச்சுட்டுக் கோலம் போடாம எழுந்து போயிட்டாரு?"

பக்கத்தில் நின்ற பிரெஞ்சுப் பெண்மணி நான் சிரித்ததும் முறைத்தார்.

1981-ல் வரைந்த 'மா' பற்றி அம்மாவிடம் சொன்னேன். பாரிஸில் உட்கார்ந்து வரைந்த படத்துக்குள் தேவநாகரி எழுத்தில் இந்திக் கவிஞர் அசோக் வாஜ்பேயியின் கவிதை வரி: திரும்பி வரும்போது உனக்கு என்ன கொண்டு வருவேன் அம்மா, என்று கேட்கிறது. அம்மா எதுவும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து, மூடினார்.

"ஊருக்குப் போனாரா?"

"போனார். மனைவி ஜானின் இறந்து எட்டு வருஷம் கழித்து, 2010 கடைசியில். எண்பத்தெட்டு வயது. 2016-ல் டெல்லியில் இறந்தார். மண்ட்லாவில் அப்பா பக்கத்திலேயே புதைத்தார்கள்."

"போய் என்ன வரைஞ்சாரு?"

"புள்ளிதான்."

"அப்ப சரி," என்றார். நகரும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டார்.