புதுப்பிப்பு: பாலை நிறுத்தாமலே அடுத்த கரு தங்கியது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஒன்றரை வயது மகள் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள், மாதவிலக்கு திரும்பவில்லை, அடுத்த குழந்தைக்காகப் பாலை அடியோடு நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தேன். தேவைப்படவில்லை.

இரவுப் பாலை மட்டும் முதலில் குறையுங்கள் என்று ஒரு அக்கா சொன்னதுதான் பலித்தது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரவில்தான் அதிகம் சுரக்கும். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதில் அதற்குப் பங்குண்டு. நடுராத்திரி அவள் அழுதால் வீட்டுக்காரர் தூக்கித் தட்டிக்கொடுத்தார். ஆரம்பத்தில் ரொம்பக் கஷ்டம், அப்புறம் பழகிவிட்டாள். பகலில் வழக்கம்போலக் கொடுத்தேன். மாதவிலக்கு திரும்பியது, சில மாதங்களில் கரு தங்கியது.

எதிர்பாராதது, பால் சட்டென்று வற்றியதும் காம்பு வலியும். கர்ப்ப ஹார்மோன்களால் வருவது என்றார் மருத்துவர். முன்பு கருச்சிதைவோ குறைப்பிரசவமோ இல்லாததால் தொடர்ந்து கொடுக்கச் சொன்னார். கொடுக்கிறேன்.