14 நாள் விதி: ஸ்டெம் செல்லில் உருவாக்கும் கரு மாதிரிக்கும் பொருந்துமா?

கேள்வி: முளையம்

வணக்கம். மனித ஸ்டெம் செல்களை வைத்துக் கரு மாதிரி (கருவைப் போன்ற அமைப்பு) உருவாக்கும் ஆய்வு ஒன்றுக்கு எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். 'வளர்ப்பை எந்த நாளில் நிறுத்துவீர்கள்?' என்ற இடத்தில், ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற விதியை வைத்து, வழக்கமாக எல்லாரும் 14 என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் விந்தும் முட்டையும் சேராமல் உருவான ஒன்றுக்கு முதல் நாள் எது? 14 என்ற எண் எங்கிருந்து வந்தது? மாதிரிக்கு அந்த இடத்தில் என்ன எழுதலாம்? செல் கொடுத்தவர்களின் ஒப்புதல் படிவத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: கருவியல் ஆசிரியர்

முதலில் எண்ணின் கதை. 1979-லேயே அமெரிக்காவில் ஓர் அரசு ஆலோசனைக் குழு 14 நாள் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதை உலகத்தின் அளவுகோலாக மாற்றியது பிரிட்டனில் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையில் அமைந்த குழுவின் 1984 அறிக்கைதான். மறு வருடமே, கரு ஆய்வுக்கு இடமே இல்லாமல் செய்யும் மசோதாவை இனோக் பவல் என்ற எம்.பி. நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. 1990-இல் 14 நாள் சட்டமானது.

ஏன் 14? ஏறக்குறைய அந்த நாளில்தான் கருத்தட்டில் 'ப்ரிமிடிவ் ஸ்ட்ரீக்' என்ற கோடு தோன்றுகிறது. தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்பது அங்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு கரு பிரிந்து இரட்டையர் ஆவதும் பொதுவாக நடக்காது. 'இனி இது ஒரே ஓர் ஆள்' என்று சொல்ல அதைவிடத் தெளிவான உடலியல் அடையாளம் அப்போது கிடைக்கவில்லை. அத்துடன் நாளை யாரும் எண்ணிப் பார்க்கலாம். சட்டம் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

எண்ணும் முறையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பிரிட்டிஷ் சட்டப்படி கருவாக்கம் தொடங்கிய நாள்தான் முதல் நாள். உறைநிலையில் சேமிப்பில் கிடந்த காலம் கணக்கில் சேராது. ஸ்ட்ரீக் தோன்றிவிட்டால், நாள் மீதமிருந்தாலும் நிறுத்தியே ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால், அதை உறுதியாகச் சொல்ல பிராக்யூரி என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். செல்களை ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்திக் கொன்ற பிறகே அது முடியும். உயிரோடு வளரும் கருவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து மட்டும் உறுதி சொல்வது கடினம். தட்டில் ஒட்டி வளரும் கரு தட்டையாகிவிடுவதால் அமைப்பும் குழம்பிப்போகும். அதனால் ஒரு நாளாவது முன்பே நிறுத்திவிடுவதுதான் பாதுகாப்பு. 2016-இல் கேம்பிரிட்ஜ், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகங்களில் மனிதக் கருவை 12, 13 நாள் வரை வளர்த்தபோது அப்படித்தான் நிறுத்தினார்கள். அதற்கு முன் ஒரு வாரத்தைத் தாண்டுவதே பெரும்பாடு என்பதால், 30 வருடமாக இந்த விதி யார் கையையும் கட்டவில்லை.

பதில்: சட்டப் பிரிவு

மாதிரிக்கு 14 என்று எழுதாதீர்கள். அந்த எண்ணுக்கு அங்கே பொருளே இல்லை. ஸ்டெம் செல்லில் தொடங்கும் மாதிரி முட்டைப் பிளவுக் கட்டங்களைத் தாண்டி நடுவில் நுழைகிறது. தட்டில் சில நாட்களே இருந்த ஒன்று, அமைப்பில் 14-ஆம் நாள் கருவைப் போல இருக்கும். 2023-இல் வெளியான மனித மாதிரிகள் இதைக் காட்டின. ஆகவே தட்டில் இருந்த நாளையும், ஒத்த கருவின் வளர்ச்சிக் கட்டத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். எந்த அமைப்பு தோன்றினால் நிறுத்துவீர்கள், அதை எந்தச் சோதனையில் கண்டறிவீர்கள், ஒரு தொகுதியில் எத்தனை மாதிரிகளை இடையில் எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பீர்கள் என்பதும் வேண்டும். 'கேள்விக்கு விடை கிடைத்ததும் நிறுத்துவோம்' என்று மட்டும் எழுதினால் எந்தக் கமிட்டியும் திருப்பி அனுப்பத்தான் செய்யும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் ஐபிளாஸ்டாய்டை (தோல் செல்லை மாற்றியமைத்து உருவாக்கும், தொடக்கநிலைக் கருவைப் போன்ற மாதிரி) கருவாகவே கருதி உரிமம் கேட்கிறார்கள். பிரிட்டனின் கரு விதிகள் மாதிரியைத் தொடுவதில்லை. 2024-இல் அங்கே மாதிரிகளுக்கென்று, ஆய்வாளர்கள் விரும்பி ஏற்றுக்கொள்ளும், சட்டக் கட்டாயமில்லாத நடத்தை விதி ஒன்று வந்தது. அமெரிக்காவில் 1996 முதல் ஒவ்வொரு நிதி மசோதாவிலும் ஒட்டிக்கொண்டு வரும் டிக்கி-விக்கர் திருத்தம், மனித டிப்ளாய்டு செல்லிலிருந்து (இரண்டு தொகுதிக் குரோமோசோம் கொண்ட சாதாரண உடல் செல்) 'வேறு எந்த வழியிலும்' உருவானதையும் கரு என்கிறது. மாதிரிகள் அந்த வலையில் சிக்கக்கூடும். ஆனால் அது மத்திய அரசுப் பணத்துக்கு மட்டுமே. தனியார் பணத்தில் நடப்பதை அது தொடாது.

எங்கேயும் விலக்கில்லாத ஒன்று உண்டு: மாதிரியை எந்தக் கருப்பையிலும் வைக்கக் கூடாது. விலங்கின் கருப்பையும் இதில் அடக்கம். சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுக் கழகத்தின் 2025 வழிகாட்டுதல், உடலுக்கு வெளியே உயிர்வாழும் நிலைவரை வளர்ப்பதையும் தடுக்கிறது. இவை இரண்டையும் உங்கள் விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். 2023-இல் குரங்குச் செல் மாதிரிகளைக் குரங்கின் கருப்பையில் வைத்தபோது கர்ப்பத்தின் தொடக்க அறிகுறிகள் தென்பட்டன, அவை நீடிக்கவில்லை. கமிட்டி உறுப்பினர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

பதில்: நரம்புக்குழாய்

உண்மையான கருவுக்கு 28 நாள் கேட்கும் வாதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். 2024-இல் பிரிட்டனின் கரு ஆய்வு ஒழுங்குமுறை ஆணையமே அதை முன்மொழிந்தது. மூன்றாம், நான்காம் வாரங்களில்தான் மூன்று அடுக்குகள் பிரிகின்றன, இதயம் துடிக்கத் தொடங்குகிறது, மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் மூடுகிறது. மூடாமல் போனால் ஸ்பைனா பைஃபிடா போன்ற முதுகுத்தண்டுப் பிறவிக் குறை. அந்த வாரங்களின் திசு கிடைப்பது அவ்வளவு அரிது. 16 முதல் 19 நாளுக்குள் இருந்த ஒரே ஒரு மனிதக் கருவின் செல் விவரம் 2021-இல் வெளிவந்தபோது துறையே அதைச் சுற்றி நின்றது. வலியை உணரும் நரம்பமைப்பு 28-ஆம் நாளில் இல்லை.

பதில்: சட்டப் பிரிவு

அறிவியல் வாதம் சரிதான். ஆனால் எல்லையைத் தொடும் திறமை வந்ததும் எல்லையை நகர்த்தினால், அடுத்த முறை மக்கள் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள். நாடாளுமன்றத்தில் திறந்த விவாதம் நடந்து நகரட்டும். ஆய்வகத்தின் வசதிக்காக வேண்டாம்.

பதில்: ஒப்புதல் படிவம்

ஒப்புதல் பற்றி யாரும் பேசவில்லை, அங்கேதான் அதிகம் சறுக்குகிறது. தோல் அல்லது ரத்தம் கொடுத்தவர் 'நோய் ஆய்வு' என்று கையெழுத்திட்டிருப்பார். அதிலிருந்து உருவான ஐபிஎஸ் செல் வரிசையில் (சாதாரண செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றித் தொடர்ந்து பெருக்கும் செல்கள்) கரு போன்ற ஒன்றை உருவாக்குவது அவர் நினைத்தே பார்க்காத பயன்பாடு. பொது ஒப்புதலுக்குள் அதைத் திணிக்காமல் தனிக் கட்டம் வைத்து 'ஆம்', 'இல்லை' கேளுங்கள். செல் வரிசை வரம்பின்றிப் பெருகும், வேறு நாடுகளுக்கும் போகும், வணிகப் பொருளாகலாம், லாபத்தில் பங்கு இல்லை, மரபணுத் தகவல் வழியே அவரையும் ரத்த உறவினரையும் அடையாளம் காண முடியும் என்பதெல்லாம் எளிய வாக்கியங்களாக இருக்கட்டும். 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிற ஆய்வகங்களுக்குப் போன குப்பிகளைத் திரும்ப வாங்க முடியாது. புதிதாக அனுப்புவதை நிறுத்த முடியும், அதை மட்டும் எழுதுங்கள். பழைய வரிசை என்றால் மூலப் படிவத்தின் நகலைச் செல் வங்கியிடம் கேட்டு வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். நகல் கிடைக்காத வரிசையைக் கரு மாதிரிக்குத் தொடாதீர்கள்.